கோல்கீப்பர் கத்தவில்லை

அந்த வருஷம் எங்கள் கல்லூரி ஃபுட்பால் டீம் ஒன்பது ஆட்டம் ஆடி எட்டில் தோற்றது. மிச்சம் ஒன்று மழையில் நின்றுபோனதால் தப்பித்தோம். ஏன் தோற்றீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஃபார்வர்டு சரியில்லை, கோச் சரியில்லை, பழகும் மைதானத்தில் புல்லே இல்லை. நிஜக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். கோல்கீப்பர் நான்தான்.

நான் பம்பாய் தாராவிப் பையன். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை, வீட்டில் திருநெல்வேலித் தமிழ். பந்து உயரமாக வரும்போது, இது என்னுடையது, விலகுங்கள் என்று கோல்கீப்பர் குரல் கொடுக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், முதல் ஆட்டத்தில், என் வாயில் தானாக வந்தது "விடுலே!" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒரே மாதத்தில் கோவாக்கார கேப்டனிலிருந்து மராத்திக்கார ரைட் பேக் வரை அந்தச் சத்தம் கேட்டதும் விலகப் பழகிவிட்டார்கள். லெஃப்ட் பேக் என் நண்பன், மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா எனக்குக் காபி நீட்டினால், "விடுலே" என்று சொல்லி டம்ளரை அவன் பிடுங்கிக்கொள்வான்.

இரண்டாம் வருஷம்தான் நாங்கள் தோற்ற அந்த வருஷம். மதராசிகளே, ஊருக்குப் போங்கள் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. தெரிந்தவர் ஒருவரின் ஹோட்டல் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அப்பா தினமும் காலையில் வாசலில் நின்று ஒரே புத்திமதி சொல்வார்.

"ஏலே, ரயில்ல தமிழ் பேசாத. எவன் என்ன கேட்டாலும் இந்தியில சொல்லு. வாயப் பொத்திக்கிட்டுப் போயிட்டு வா."

மற்றப் பத்துப் பேரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். கோல்கீப்பர் மட்டும் கோலுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்த வருஷத்து முதல் ஆட்டம் பரேல் பக்கம். நான் வழக்கம்போல "விடுலே" என்று கத்திப் பந்தைப் பிடித்தேன். என் முதுகுக்குப் பின்னால் பேச்சு சட்டென்று நின்றது.

"மதராசி ஆஹே" என்றது மராத்தியில் ஒரு குரல்.

"மேட்ச் ஸம்பூ தே" என்றது இன்னொன்று. ஆட்டம் முடியட்டும் என்று அர்த்தம். பஸ் வரட்டும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். ஒரு கல் என் குதிகால் பக்கத்தில் வந்து விழுந்தது. சின்னக் கல்தான். அப்புறம் வந்த மூன்று பந்துகளையும் நான் பார்க்கவே இல்லை, காது முழுக்கப் பின்னால் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் தாதர் ஸ்டேஷன் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

அதோடு களத்தில் நான் ஊமையானேன். இந்தியில் கத்தலாம் என்று பார்த்தேன். சொல் நினைவுக்கு வருவதற்குள் பந்து வலைக்குள் போயிருக்கும். போதாததற்கு, நான் இந்தி பேசினாலே எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிடும். பின்னால் நின்று ஆடுகிறவர்கள் என் குரலுக்காக ஒரு நொடி காத்திருந்தார்கள், அந்த ஒரு நொடியில் எதிராளி கோல் போட்டான். "குச் பி போல், லேகின் போல்!" என்று கேப்டன் கெஞ்சினான், என்னத்தையாவது சொல், ஆனால் சொல் என்று. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். மாதக்கணக்கில் கட்டும் தொண்டை உண்டா? அவன் நம்பினான், நல்லவன். ஆட்ட நாள் காலையில் எனக்கு இட்லி இறங்காது. தோற்போமே என்கிற கவலை இல்லை. வாய் திறந்துவிடுமோ என்றுதான் பயம்.

கடைசி ஆட்டத்தன்று நண்பன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான். "இன்னிக்காவது கத்துவியாடா? நீ கத்தினா நான் கண்ண மூடிண்டு விட்டுடுவேன். இல்லேன்னா நானே போய் எடுத்துடுவேன்."

"கத்துதேன்லே" என்றேன்.

பாதி ஆட்டம் தாண்டி ஒரு பந்து உயரமாக வந்தது. அவன் அண்ணாந்து பார்த்தபடி எங்கள் கோலை நோக்கி ஓடி வந்தான். நானும் பாய்ந்தேன். வாயைத் திறந்தேன். பின்னால் எவனோ சிரித்தான். எதற்குச் சிரித்தானோ தெரியாது, கத்தாமலே வாயை மூடிக்கொண்டேன். என் முழங்கால் அவன் முழங்காலில் மோதிய சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. பந்து மெதுவாக உருண்டு உள்ளே போனது.

கோலுக்குப் பின்னாலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று தலையில் கையை வைத்துக் குனிந்துகொண்டேன். அவர்கள் என்னைக் கவனிக்கவே இல்லை. மராத்தியில் ஒருவரையொருவர் அவசரப்படுத்தி, ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்த நண்பனைப் பதமாகத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். ஒருவர் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவன் காலுக்கு அடியில் வைத்தார். வண்டியை அவர்களே ஆஸ்பத்திரி வரை தள்ளினார்கள். நான் கூடவே ஓடினேன்.

இனி ஃபுட்பாலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தகவல் கேட்டு வந்திருந்த அவன் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ அவன்கிட்ட விடுன்னு சொல்லலையாப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் கட்டிலிலிருந்து முந்திக்கொண்டான். "அவன் கத்தியிருப்பான்ப்பா. நேக்கு வாக்குக் கொடுத்திருந்தான். கூட்டத்துச் சத்தத்துல நேக்குத்தான் காதுல விழல."

அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா, கத்தினேன்" என்றேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தமாக, நல்ல தமிழில் சொன்னேன்.