பதினேழாம் புள்ளி

எங்கள் கப்பலின் கப்டன் கெட்டவர் அல்லர். ஆனால் நான் போட்ட பாதையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்க மட்டும் அவரால் முடியாது. ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்த துறைமுகத்துக்குக் கப்பல் எந்த வழியால் போவது என்று கணினியில் வரைந்து கொடுப்பது இரண்டாம் அதிகாரியான என் வேலை. சரிதானா என்று காலையில் கேட்பார். சோற்றில் கை வைக்கும்போது கேட்பார். நங்கூரம் தூக்கும்போது இன்னொருமுறை கேட்பார். எனக்கு முன்னிருந்த ஆண் அதிகாரியிடமும் இப்படித்தான் கேட்டாரா என்று சமையற்காரரிடம் விசாரித்துப் பார்த்தேன். இல்லையாம். போதாக்குறைக்கு, கப்பலில் ஏறுகிற துறைமுகத்துக்காரர்கள் என்னிடமே வந்து இரண்டாம் அதிகாரி எங்கே என்பார்கள். நான்தான் என்று சொல்லிச் சொல்லியே என் வாய் ஓய்ந்துவிட்டது.

எரிச்சல் தலைக்கேறும் நாட்களில் நான் வரைந்த முதலாவது கடல் படம் ஞாபகத்துக்கு வரும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீடு முல்லைத்தீவுக் கரையில் இருந்தது.

வவுனியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த மாமா, யாரோ திரும்ப எடுக்க வராமல் விட்ட பழைய கணினியொன்றை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து தந்தார். அதன் திரைக்குப் பின்பக்கம் பூசணிக்காய்போல் உப்பியிருந்தது. உப்புக்காற்றுப் பட்டால் பழுதாகிவிடும் என்று மாமா சொன்னதால், அம்மா அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூத்துணியால் மூடினார். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் நான் அதன் முன்னால்தான். அம்மா செபமாலை சொல்லக் கூப்பிட்டால், பக்கத்தில்தானே இருக்கிறேன் என்பேன்.

அப்பா தூண்டில்காரர். கடலடியில் கல் கிடந்து மீன் கூடுகிற இடத்தை நாங்கள் பார் என்போம். தான் கண்டுபிடித்த பார்களையெல்லாம் அப்பா கையடக்கமான ஒரு ஜி.பி.எஸ். கருவியில் நம்பர் போட்டு வைத்திருந்தார். எங்கள் கரையில் ஒருவர் தன் பாரை இன்னொருவருக்குச் சொல்லமாட்டார். தூரத்தில் வேறு படகு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறிவிடுவார்கள். எங்கே மீன் பட்டது என்று கரையில் கேட்டால், "கிழக்க" என்பார்கள். எங்களுக்குக் கடல் முழுவதுமே கிழக்கில்தான் இருக்கிறது. கூடப்பிறந்த சித்தப்பாவுக்கே அப்பா கிழக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாடசாலையில் கண்காட்சி வந்தது. கணினியில் இரண்டு வரிசையாக எண்களைக் கொடுத்தால் அது புள்ளிகளாகக் குத்திக் காட்டும் என்று படித்திருந்தேன். அப்பாவின் கருவியில் ஒவ்வொரு பாருக்கும் இருந்த எண்களும் அகலக்கோடு, நெடுங்கோடு என்று இரண்டிரண்டாகத்தானே இருந்தன. அவர் மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஒன்று மட்டும் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

"அப்பா, எந்த நம்பரில மீன் கூட?"

"பதினேழில. விளைமீன் கும்பலாக் கிடக்கும்" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

வெளியில் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. பெற்ற மகளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவும் மாட்டார். நான் புள்ளிகளைக் குத்தி, கரையைக் கோடாகக் கீறி, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அதன் எண்களையும் போட்டேன். பதினேழுக்குப் பக்கத்தில் ஒரு மீன் படமும் வைத்துப் பெரிய தாளில் அச்சடிப்பித்தேன். அந்த மீன் சிரித்துக்கொண்டிருந்தது.

கண்காட்சியன்று வேறு எந்தப் பிள்ளையின் மேசையிலும் அவ்வளவு சனம் இல்லை. இரத்தச் சுற்றோட்டம் செய்து வைத்திருந்த பிள்ளை என்னைப் பொறாமையோடு பார்த்தாள். கரையிலுள்ள தூண்டில்காரர்களெல்லாம் என் படத்தை வளைத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் கையில் பேனை இருந்தது. படிப்பில் இவர்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஆச்சரியம்.

அப்பாவும் சித்தப்பாவும் பிந்தித்தான் வந்தார்கள். அப்பா படத்துக்கு முன்னால் வந்து நின்றார், நின்றுகொண்டேயிருந்தார். அவருக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணை, இது மெய்யோ? இல்லாட்டி பிள்ளை சும்மா புள்ளி குத்தினதோ?"

சித்தப்பா அப்பாவின் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது. "பிழை எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை. சின்னப்பிள்ளையின்ர விளையாட்டு எண்டு சொல்லுங்கோ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எண்ணெண்ணாகப் பார்த்து அடித்த படத்தைப் பிழை என்பதா? அந்த மனிசனோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மெய்தான். என்ர மகள் கணக்கில பிழை விடமாட்டாள்."

எனக்கு முதலாம் பரிசு கிடைத்தது. அப்பா படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றி, சந்திக் கடையில் நிறுத்தி ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

அன்று பிழை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பதினேழு அவருக்கே இருந்திருக்கும். நான் அத்தனை பேர் முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருப்பேன். இதெல்லாம் எனக்கு விளங்கியது கப்பலுக்கு வந்த பிறகுதான். என் அப்பா அப்படிப்பட்ட மனிசன் என்பதில் எனக்குள்ள பெருமையை எந்தக் கப்டனுக்கும் விளக்க முடியாது.

ஆனால் அந்தக் கிழமை எனக்கு விளங்கியது வேறு. அப்பா வழமையைவிடப் பிந்தி, வழமையைவிடக் குறைந்த மீனோடு கரைக்கு வந்தார். ஏன் என்று அம்மா கேட்டார்.

"பதினேழில ஒன்பது படகு நிக்குது. நான் அங்கால தள்ளிப் போனனான்" என்றார்.

ஒன்பது படகு! அத்தனையும் என் படத்தைப் பார்த்தே ஒரு முழம்கூடப் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதைச் சொல்லிக்கொண்டு நான் வீட்டைச் சுற்றி ஓடினேன்.