அம்மா நேர்ந்துகொண்ட முடி

ஓசூரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் நடந்துபோனால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "திருப்பதியா?" தமிழில் கேட்பார்கள், தெலுங்கில் கேட்பார்கள், கன்னடத்திலும் கேட்பார்கள். தலையாட்டினால் போதும், கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே பஸ் மாறும்போதெல்லாம் நானும் பல பேருக்குத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் என் தலையை மழித்தது பெருமாளுக்காக இல்லை. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறப்பதற்காக மழித்தார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், வேலை பார்த்த கம்பெனியின் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தேனாம். தப்பான பக்கத்தில் வந்த பைக் ஒன்று என்னைத் தூக்கிப் போட்டதாம். எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான். எனக்கு நினைவிருப்பது, பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டுக்காக ஒருத்தியோடு மல்லுக்கு நின்றது வரைக்கும். அதற்கப்புறம் பல வாரங்கள் என்னிடம் இல்லை. இடது காதுக்கு மேலே எலும்பை எடுத்து, மூளையின் வீக்கம் வடிந்த பிறகு திரும்ப வைத்திருக்கிறார்கள். வைத்தது சரியாகப் பொருந்தவில்லை. கட்டை விரல் அடங்குகிற அளவுக்கு ஒரு பள்ளம். அதைச் சுற்றி நெற்றி வரைக்கும் ஒரு தழும்பு. இது தவிர, மூக்கில் வாசனை அடியோடு போனது. சத்தம் அதிகமானால் தலை வலிக்கும். சில நேரம் தெரிந்த சொல்லே வாய்க்கு வராது. ஃபிட்ஸ் வராமலிருக்க இரண்டு வேளை மாத்திரை.

சாமல்பட்டியில் எங்கள் வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் ஊரே பார்க்க வந்தது. வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் கட்டிலருகே குனிவார்கள். "நான் யாருன்னு சொல்லு பாக்கலாம்?" ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் இதையே கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவின் பங்காளி ஒருவர் அப்படிக் குனிந்து கேட்டபோது, "ராத்திரியோட ராத்திரியா எங்க வரப்பை வெட்டி நகத்துனியே, அந்தப் பெரியப்பாதானே" என்றேன். அவர் எல்லோரையும் பார்த்து, "பாவம், மூளையில அடி. என்னா பேசறோம்னு அதுக்கே தெரியல" என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் சொன்னது சத்தியமான உண்மை என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. தலையில் அடிபட்டவள் கோபப்பட்டால் அது கோபம் இல்லை, நோய். சிரித்தாலும் நோய்தான். ஒருநாள் டிவியில் ஏதோ காமெடி பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. என் வயதுப் பெண்களோடு வேலைக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வேண்டும், ஆட வேண்டும், சண்டை போட வேண்டும், திட்டு வாங்க வேண்டும். பாவம் என்று சொல்ல ஒருத்தரும் இருக்கக் கூடாது. அதற்கு என் கதை தெரியாத இடம் வேண்டும். பள்ளத்தை மூடுகிற அளவுக்கு முடியும் வேண்டும்.

முடி வளர்ந்தது. காதை மூடியதும் ஓசூருக்கே திரும்பி வந்தேன், வேறு கம்பெனிக்கு. வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற இடம். நீளமான போர்டில் கலர் பார்த்து ஒயர்களைப் படுக்க வைத்து டேப் சுற்ற வேண்டும். டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் லைனில் இருந்த பெண்களுக்கு எதுவும் தெரியாது. மாத்திரை எதற்கு என்று கேட்டவர்களிடம் சைனஸ் என்றேன். இடது பக்கம் முடியை இழுத்து விட்டுக்கொள்வது ஸ்டைல் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் அதே மாதிரி சீவிக்கொண்டும் வந்தார்கள்.

ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் திருநெல்வேலிக்காரி. போர்டில் எனக்கு அடுத்த இடமும் அவளுடையதுதான். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து செல்லை நோண்டிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, கருகியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? அவள் மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏட்டி, மூக்கு இருக்கா இல்லையா ஒனக்கு? தெருவே நாறுது, நீ பாட்டுக்கு ராணி மாதிரி உக்காந்திருக்க! மண்டைக்குள்ள என்னத்தத்தான் வச்சிருக்கியோ, கூறுகெட்ட மூதி!"

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போனாள். ஹார்லிக்ஸ் கொண்டுவந்தவர்கள், கோயில் திருநீறு கொண்டுவந்தவர்கள் யாரும் தராத மருந்து அது. மண்டைக்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று ஒருத்தி என்னை வாய்நிறையத் திட்டுகிறாள், தான் சொல்வது என்னவென்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு ராஜாத்தி மாதிரி இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பஸ் ஏறி பார்டரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவோம். செருப்பு பேரம் பேசுவோம், வாங்காமல் திரும்புவோம், கோபி மஞ்சூரியனில் கடைசித் துண்டுக்கு அடித்துக்கொள்வோம். எனக்கு அதில் வாசனையும் தெரியாது, ருசியும் பாதிதான். ஆனாலும் அந்தத் துண்டை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

முடி தோளைத் தொட்டது. அப்போதுதான் அம்மா ஆரம்பித்தாள்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் உட்கார்ந்து என் முடியை அளந்து பார்த்தாள். "இப்ப குடுக்கற அளவுக்கு வந்துடுச்சு" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாளாம். பிள்ளை பிழைத்துவிட்டால் திருப்பதிக்குக் கூட்டிவந்து முடி இறக்குகிறேன் என்று. மொட்டைதான் அப்போதே அடித்தாகிவிட்டதே என்றேன்.

"அது ஆஸ்பத்திரிக்காரன் ஆபரேசனுக்கு எடுத்தது. சாமிக்குன்னு எடுத்தாத்தான் சாமிக்கு."

"என் தலைம்மா. என்னைக் கேக்காம நீ எப்படி வேண்டிக்கலாம்?"

"நீ கண்ணத் தொறக்காம கெடந்த. உன்னை எப்புடிடி கேக்கறது?"

பூமுடி கொடுக்கிறேன், நாலு விரல் நறுக்கிக்கொள்ளட்டும் என்று இறங்கி வந்தேன். ஆவாது என்றாள். வாயால் மொட்டை என்று சொன்னபிறகு பூமுடி கொடுத்தால் சாமியையே ஏமாற்றுவதாகும் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் நடந்த எல்லாக் கெடுதலுக்கும் என் முடிதான் காரணம். மாட்டுக்குச் சினை கலைந்துவிட்டது, என் முடி. தம்பி பரீட்சையில் அரியர் வைத்தான், என் முடி. அவன் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமரத்தில் பூ உதிர்ந்ததற்குக்கூடப் போன் வந்தது. அடுத்த விடுமுறைக்குப் போனபோது அம்மா மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் உட்கார்ந்தாள்.

"இந்த முடி போனா பள்ளம் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சிடும். திரும்ப நான் பாவம் ஆயிடுவேன். உனக்கு அது புரியவே புரியாதா?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சா என்னா? பொழச்சி வந்திருக்கற. அது என்னா வெக்கமா?"

வெட்கமில்லை என்று அவளுக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை. தக்க நேரத்தில் தக்க சொல் வராத கொடுமை இது. வெட்கமில்லை அம்மா, சலிப்பு. செத்துப் பிழைத்தவள் என்ற ஒரே வேலையை வாழ்நாள் பூராவும் பார்க்க முடியாது. இதை இப்போது எழுத வருகிறது. அன்றைக்கு வந்தது, "போ, நான் வரமாட்டேன், உன் சாமிகிட்ட நீயே பேசிக்கோ" என்பதுதான். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் போன் வருவதும் நின்றது.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மிஷின்களுக்கு மாலை, வாசலில் பூசணிக்காய், ஆளுக்கொரு பொரிப் பொட்டலம், மத்தியானம் சாப்பாடு, பிறகு பாட்டும் ஆட்டமும். எங்கள் லைன் பெண்கள் சேர்ந்து ஆட ஒரு பாட்டுக்குப் பழகியிருந்தோம். கோபத்தை மறந்து அம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். கேட்டில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஓர் அம்மா என்னை நோக்கி வந்தார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் அது என் அம்மா என்று தெரிந்தது.

இடுப்பைத் தொடும் முடி அவளுக்கு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"சாமிகிட்ட பேசிட்டேன். எம்முடி வேற எம்புள்ள முடி வேறயா, இத எடுத்துக்கோ, அவள வுட்டுடுன்னேன். இனிமே உன்னைக் கேக்க மாட்டேன் கண்ணு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

அவளை உள்ளே கூட்டிப்போய் எங்கள் லைன் பெண்களிடம் உட்கார வைத்துவிட்டு, ஆட்டத்துக்குப் பூ வாங்கப் போனேன். மொட்டைத் தலையைப் பார்த்தால் எல்லோரும் கேட்கிற கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள். என்ன வேண்டுதல் என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அம்மா கதையின் கடைசிக்கே வந்திருந்தாள். தமிழில் ஒரு தரம், சூப்பர்வைசருக்காகத் தெலுங்கில் ஒரு தரம். எலும்பை எடுத்தது, கண் திறக்காமல் கிடந்தது, பேச்சு வராமல் போனது, வாசனை போனது, ஒன்று விடவில்லை. "அம்மா!" என்று கத்தினேன். அவள் என்னைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்து, இடது பக்கத்து முடியை இரண்டு கையாலும் வகிர்ந்து காட்டினாள்.

"இங்க பாருங்க. இங்கதான். வெரல வெச்சிப் பாருங்க."

சிலர் விரலை வைத்தும் பார்த்தார்கள். திருநெல்வேலிக்காரி மட்டும் வைக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒரே ஒரு முடியைக்கூட நான் இழக்கவில்லை. எதற்காக அதைக் காத்தேனோ அது போய்விட்டது. அம்மா மேல் கோபம் கொப்பளித்தது, இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் எனக்காகத் தன் தலையை மழித்துக்கொண்டு, முகமெல்லாம் பெருமையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த ஆயுதத்தையும் அவள் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியதும் சூப்பர்வைசர் ஒரு நாற்காலியை ஃபேனுக்கு நேராகப் போட்டு, "நீ உக்காந்து பாரும்மா, சத்தம் ஒத்துக்காதாமே" என்றார். நான் உட்காரவில்லை. போய் நடுவில் நின்று ஆடினேன், வெறி பிடித்தவள் மாதிரி ஆடினேன். பழகும்போதெல்லாம் இடித்து, மிதித்து, முழங்கையால் குத்தி ஆடிய கூட்டம் அது. அன்றைக்கு எல்லோரும் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி ஒதுங்கி ஆடினார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். ரைம்ஸ் சொல்லி முடித்த எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தட்டுவது மாதிரி, அவ்வளவு நேரம், அவ்வளவு அன்பாக.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்று, போர்டில் மஞ்சள் ஒயர் வர வேண்டிய இடத்தில் பச்சையைச் செருகிவிட்டேன். தெரியாமல் செருகியதுதான், வேண்டுமென்று இல்லை. அடுத்த இடத்தில் நின்ற திருநெல்வேலிக்காரி பார்த்துவிட்டாள். கை நீட்டி, சத்தமே இல்லாமல் பச்சையை உருவி மஞ்சளைச் செருகினாள்.

"திட்டுடி" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கூறுகெட்டவளேன்னு சொல்லுடி. கண்ணு எங்க இருக்குன்னு கேளு. ஏதாவது சொல்லு."

"விடு, பரவால்ல. நீ தண்ணி குடி" என்றாள். என் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, என் கையில் கொடுத்தாள்.