ஈட்டிக்குச் சைபர்

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எனக்கு இருந்த மரியாதை என் வயதுக்குக் கொஞ்சம் அதிகம்தான். படித்தது என்னவோ ஐந்தாம் வகுப்பு. ஆனால் கணக்கில் புலி என்று தெரு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பெருக்கல் கொடுப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வேன். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அதற்குத் தீனி போட்டு வளர்த்தவள் என் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்பதைவிட ஓடினாள், தாண்டினாள், எறிந்தாள் என்று சொல்வதுதான் சரி. அவளுடைய போட்டிக்கு ஹெப்டத்லான் என்று பெயர். ஒரே ஆள் இரண்டு நாளில் ஏழு போட்டியில் இறங்க வேண்டும். முதல் நாள் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு, இருநூறு மீட்டர். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி, கடைசியாக எண்ணூறு மீட்டர். எவ்வளவு நேரத்தில் ஓடினாள், எவ்வளவு தூரம் எறிந்தாள் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் உண்டு. ஏழையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவளுக்கு முதலிடம்.

அந்தப் பாயிண்ட் பட்டியலைக் கல்லூரி பி.டி. மிஸ் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி பக்கம் பக்கமாக எண்கள். அக்காவுக்கு அதைப் பிரித்தாலே தலை சுற்றும். சாயங்காலம் மைதானத்திலிருந்து வந்து கால் கழுவின கையோடு, "ஏடி, இங்க வா. இன்னைக்கு எம்புட்டு வந்திருக்குன்னு கூட்டிச் சொல்லு" என்பாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு, ஆபீசர் மாதிரி உட்கார்ந்து கூட்டுவேன். போன வாரத்தைவிடக் கூடியிருந்தால் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்குவாள். குண்டு எறிகிற கை. நான் எல்லாம் அவளுக்கு ஒரு கனமே இல்லை.

அந்த வருடப் பல்கலைக்கழகப் போட்டியில் முதலில் வருகிறவள்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போவாள். அங்கே ஓர் இடம் பிடித்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அக்காவுக்குக் கல்லூரியில் அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. இது எனக்கும் தெரியும். நான் முட்டாள் பிள்ளை இல்லை.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அக்கா விளையாடுவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஸ்பைக்ஸ் ஷூ வாங்கக் கடை கடையாக அலைந்தவர் அவர்தான். ஆனால் தன் தங்கைக்கு முன்னால், அதாவது எங்கள் அத்தைக்கு முன்னால், அப்பா வாயில்லாப் பூச்சி. அத்தை ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று அக்காவுக்கு ஏதோ ஒரு போட்டி இருந்தது. அதை முடித்துவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஓட்டப்பந்தயம் முடிஞ்சாத்தான எங்க அண்ணனுக்குத் தங்கச்சி ஞாபகம் வரும்" என்று அத்தை ஊர் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா அந்த ஒரு வருடத்தில் இளைத்தே போனார்.

அத்தை மகள் பெரியவளானதும்தான் உறவு மறுபடி ஒட்டியது. சடங்குக்குத் தாய்மாமன் சீர் இல்லாமல் முடியுமா? அத்தையே நேரில் வந்து அழைத்தாள். போகும்போது வாசலில் நின்று, "மூத்தவ முன்னால தட்டத் தூக்கிட்டு வரணும்ணே. அவ வராம சீர் மட்டும் வந்துச்சுன்னா, நான் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது போட்டிக்கும் சடங்குக்கும் இடையில் ஒரு வாரம் இருந்தது. பிறகு மழை பெய்தது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் மைதானமெல்லாம் தண்ணீர் கட்டிக்கொண்டது. போட்டியைத் தள்ளி வைத்தார்கள். தள்ளியது தள்ளி, அதன் இரண்டாம் நாள் சரியாகச் சடங்கு நாளில் வந்து விழுந்தது.

முதல் நாள் அக்கா பிய்த்து உதறிவிட்டாள். நான்கு போட்டி முடிந்தபோது அடுத்த பெண்ணைவிட அறுநூறு பாயிண்டுக்கு மேல் முன்னால் இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினோம். கூடத்தில் சீர்த் தட்டுகள் வரிசையாக இருந்தன. அம்மா பழத்தை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அவளுக்கு இன்னும் மூணு பாக்கி இருக்குல்லங்க? எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "காலையில நீளம் தாண்டிரட்டும். அப்படியே ஆட்டோவுல ஒத்தக்கடை. சீர எறக்கிட்டு, சாப்டுட்டு, மூணு மணிக்கு ஓட்டத்துக்குக் கொண்டாந்து விட்டுர்றேன். நடுவுல ஈட்டி ஒண்ணுதான போகுது."

"அப்பா, ஒண்ண விட்டாலும் பேர அடிச்சிருவாங்கப்பா" என்றாள் அக்கா.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "பாப்பா, ஈட்டிக்குச் சைபர்னு வச்சு, கூட்டிப் பாரு."

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பட்டியலை எடுத்து வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். ஈட்டியில் அடுத்த பெண்ணுக்கு நன்றாகவே பாயிண்ட் கொடுத்தேன், கஞ்சத்தனம் செய்யவில்லை. நீளம் தாண்டுதலிலும் எண்ணூறு மீட்டரிலும் இரண்டு பேருக்கும் சமமாகப் போட்டேன். அக்காவுக்கு ஈட்டியில் வட்டமாக ஒரு சைபர். இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்துவிட்டு எழுந்து நின்று வாசித்தேன். "அப்பவும் அக்காதாம்ப்பா ஃபர்ஸ்ட்டு. நூத்தி எழுவது பாயிண்ட் கூட இருக்கு."

"பாத்தியா?" என்றார் அப்பா.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்னையும் என் கையிலிருந்த தாளையும் பார்த்தாள். பிறகு ஷூவின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டத் தொடங்கிவிட்டாள். என் கணக்கில் அவளுக்குத் திருப்தி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நீளம் தாண்டுதலிலும் அவளே முதலாவதாக வந்தாள். மணல் குழியிலிருந்து எழுந்து வந்தவளை அப்பா அப்படியே ஆட்டோவுக்கு நடத்திக்கொண்டு போனார். குண்டு எறியும் இடத்தில் வேறு பிள்ளைகளுக்கு நடுவராக நின்றிருந்த பி.டி. மிஸ் தூரத்திலிருந்தே கை காட்டி, "சார், டிபன் சாப்டுட்டு சீக்கிரம் வந்துருங்க. ஈட்டி பத்தரைக்கு!" என்று கத்தினார். அப்பா, "சரிங்க மிஸ்" என்று தலையாட்டினார். அக்கா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஒத்தக்கடையில் அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அக்காவுக்குச் சேலை கட்டினார்கள். தலையைச் சீவச் சீவ மண் கொட்டியது. மேளம் முன்னே போக, இருபத்தொரு தட்டுகளில் முதல் தட்டை அக்கா தூக்கிக்கொண்டு நடந்தாள். குண்டைப் பிடிக்கிற மாதிரி கழுத்தோரத்தில் அணைத்துப் பிடித்திருந்தாள். அத்தை வாசலுக்கு ஓடி வந்து, "வாடி என் மருமகளே! இன்னைக்குத்தாண்டி எங்கண்ணே எனக்கு அண்ணே" என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை ஆனதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். எனக்குப் பதற்றமே இல்லை. அந்தச் சைபரைத்தான் நான் ஏற்கெனவே கணக்கில் சேர்த்துவிட்டேனே.

விருந்தில் அக்கா ஒரு கை தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாள். "ஓடணும் அத்தை, வயிறு கனத்துரும்" என்றாள். இதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. பெயரை அடித்துவிடுவார்கள் என்று சொன்னவள் அவள். இருந்தும், ஓடவிடுவார்கள் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறாள்.

மூன்று மணிக்கு மைதானத்துக்கு வந்துவிட்டோம். அப்பா சொன்ன சொல் தவறவில்லை. அக்கா உடை மாற்றி, இரண்டு சுற்று மெதுவாக ஓடிவிட்டு, பந்தலடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றாள். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"ஈட்டிக்கு மூணு தடவ மைக்ல கூப்பிட்டோம்மா. நீ வரல. ஒண்ணுக்கு வரலன்னாலும் மொத்தத்தையும் விட்டுட்டதாத்தான் கணக்கு. இனி நீ எறங்க முடியாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

பி.டி. மிஸ் ஓடி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. அப்பாவைப் பார்த்து, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? ஈட்டிய ஒரு தடவ தூக்கிக் கால்கிட்ட போட்டுட்டுப் போயிருந்தாக்கூடப் போதுமே சார். சைபர் வந்தாலும் இன்னைக்கு அவதான சார் ஃபர்ஸ்ட்டு" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"இல்லைங்க மிஸ்... சின்னவதான் கணக்குப் போட்டுப் பாத்துச் சொன்னா" என்றார் அப்பா.

நான் பெருமையாக முன்னால் போய்த் தாளை நீட்டினேன். மிஸ் அதை வாங்கிப் பார்க்கவில்லை. என் தலையில் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா என் கணக்கை நம்பி ஏமாந்தார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். என்னைத் திட்டாமல் விட்டாரே என்று நன்றிகூட இருந்தது. இப்போது நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு மார்க் பட்டியலில் சைபர் போடுவதில்லை. வரவில்லை என்றுதான் எழுதுவோம். எழுதிச் சைபர் வாங்கியவன் வேறு, வராதவன் வேறு. இருபது வருடம் அந்தப் பட்டியல்களைத் தன் கையால் எழுதியவர் அப்பா. அவருக்கா தெரியாது? மகள் சொன்னது அவருக்குப் புரிந்துதான் இருக்கிறது. தங்கை வாசலில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையில், ஏதாவது ஒரு சாக்கு கிடைக்காதா என்று பார்த்திருக்கிறார். பத்து வயதுப் பிள்ளை எழுந்து நின்று கணீரென்று கொடுத்துவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அக்கா இரண்டாவது தடவையும் சொல்லியிருப்பாள். அப்பா மேல் எனக்குக் கோபம் வருகிறது. என்மேல் வருகிற அளவுக்கு இல்லை.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? எண்ணூறு மீட்டரை மற்றப் பெண்கள் ஓடி முடித்தார்கள். அக்கா கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மைக்கில் முதலிடம் வந்தவளின் மொத்தப் பாயிண்டைச் சொன்னார்கள். நான் சட்டென்று பென்சிலை எடுத்தேன். அக்கா எப்போதும் எண்ணூறில் எடுக்கும் பாயிண்டைச் சேர்த்தேன், ஈட்டிக்குச் சைபர் வைத்தேன், கூட்டினேன். அக்காவுக்குத்தான் அதிகம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புல்தரையில் ஓடிப்போய் அவள் முன்னால் குதித்தேன்.

"அக்கா, நான் அப்பவே சொன்னேன்ல? பாரு, நீதான் ஃபர்ஸ்ட்டு! என் கணக்கு சரியா வந்திருச்சு!"

அவள் தாளை வாங்கினாள். மேலிருந்து கீழே ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். அவள் என் கணக்கை அப்படி நிதானமாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

"ஆமாடி. நூத்துக்கு நூறு" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லித் திரிந்தேன். ஆனால் அதற்குப் பிறகு அக்கா எதையும் கூட்டிச் சொல்லும்படி என்னைக் கூப்பிடவில்லை. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு நாலைந்து சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். விடை சரியாகத்தானே வந்தது, பிறகு ஏன் கூப்பிடவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.