பத்தாவது கேள்வி

ஈரக் கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை... மாட்டுப்பட்டி பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் மழைக்காலத்தை ஓட்டியவர்களுக்கு அது தெரியும். இன்று காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் ஸ்வெட்டரிலிருந்து அதே வாசம் வந்தது. இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இறங்கினேன், போங்கள்.

அப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் இலை அரைக்கிற மிஷினில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூணாறு போய்வந்தால், ஒயர் கூடையில் ஏதாவது ஒரு பொருளை மட்டும் துண்டால் மூடிக் கொண்டுவருவார். நானும் தம்பி முத்துவும் பத்துக் கேள்வி கேட்கலாம். ஆமா, இல்ல... இரண்டே பதில்தான். டார்ச், கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், எல்லாம் இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

அம்மாவுக்கு இந்தக் கூத்து ஆகாது. "வாங்கியாந்தத எடுத்து நீட்டாம, பச்சப்புள்ள மாதிரி என்ன வெளாட்டு?" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள்.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பத்தாம் வகுப்பு. மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் கிடையாது. பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு. அப்பா கதவோர வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டுக்குள் சின்னதாக ஏதோ இருந்தது.

"பேட்டரி போடணுமா?" நான்தான் ஆரம்பித்தேன்.

"ஆமா."

"பட்டன் இருக்காப்பா?" முத்து துள்ளினான். வீடியோ கேம் கேட்டு ஆறு மாதமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தவன்.

"ஆமா."

"சத்தம் வருமா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆமா."

"வெளாடலாமா?"

"இல்ல."

முத்து விடுவானா? எட்டிப் பார்த்துவிடலாம் என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கிருந்தே, "பேட்டரி போடுறதுதானப்பா?" என்று திரும்பவும் கேட்டான்.

"இல்ல" என்றார் அப்பா.

"அழுகுணி ஆட்டம்! இப்பத்தான ஆமான்ன!" முத்து கத்தினான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா திரும்பவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால், என் வாயை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலிலிருந்து கூப்பிட்டால் வராதது, ரேடியோவை லயமே கேட்கிற மாதிரி வைப்பது, கேட்டால் "ஃபேக்டரிக்காரன் காது அப்படித்தான்" என்று சிரித்து மழுப்புவது... எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. பேட்டரி, பட்டன், சத்தம், விளையாட முடியாது. காது மிஷின்!

பாவி மனுஷன். தனக்குக் காது கேட்கவில்லை என்று பெற்ற பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. நாங்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று அதை விளையாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஏனென்றால் போன வருடம்தான் அடுத்த லயத்து ஜெயாவின் அப்பாவுக்குக் காது மந்தம் என்று தெரிந்து, மிஷின் பக்கம் நிற்க லாயக்கில்லை என்று எழுதி வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போச்சு. என் பெஞ்சில் உட்கார்ந்த ஜெயா, அரைப் பரீட்சைகூட எழுதாமல் தேனிப் பக்கம் மில் வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டிலும் அம்மா முதுகுவலி வந்து கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தியிருந்தாள். அப்பா ஒருத்தர் வேலைதான். முத்துவோ ஓட்டைவாய். நான் சொல்லிவிட்டால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அதற்குள் முத்து வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டு ஒன்பது கேள்வியை முடித்திருந்தான்.

"கடைசிக் கேள்வி, தாயி. நல்லா யோசிச்சுக் கேளு" என்றார் அப்பா. அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. எப்படியாவது சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை.

நான் வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டேன்.

"டிவி ரிமோட்டாப்பா?"

எங்கள் வீட்டில் டிவியே கிடையாது.

அப்பா துண்டின் முனையை இழுத்து மூடினார். பிறகு, "இல்ல. தோத்துட்டீக" என்று துண்டோடு சுருட்டிக்கொண்டு எழுந்தார். பரணிலிருந்த தகரப் பெட்டிக்குள் அது போனது. அதன் பிறகு அவர் எதையும் துண்டால் மூடிக்கொண்டு வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் காதோடு இன்னும் ஏழு வருடம் மிஷினில் நின்றார். நான் பள்ளிக்கூடம் முடித்தேன், மதுரையில் காலேஜ் முடித்தேன், வேலைக்கும் வந்தேன். எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்ததுதான். பின்னால் டாக்டரிடம் காட்டியபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அப்பவே மிஷின மாட்டி, அந்தச் சத்தத்த விட்டு வெளிய வந்திருந்தா மிச்சம் கொஞ்சம் நின்னிருக்கும்மா." நான் தலையை ஆட்டினேன்.

இப்போது அப்பா போடியில் முத்து வீட்டில் இருக்கிறார். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. நல்ல விலையில் புது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். "ஒரே எரைச்சல்" என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

சாயங்காலம் தினமும் வீடியோ கால்.

"சாப்ட்டியாப்பா?" "ஆமா."

"அங்க மழையா?" "ஆமா."

பின்னாலிருந்து முத்து கத்துவான்: "அக்கா, வெயிலு மண்டையப் பொளக்குது இங்க!"

முந்தாநாள் முத்து போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தான். பத்தாவது கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "அப்பா... அன்னிக்குத் துண்டுக்குள்ள இருந்தது காது மிஷின்தானே? எனக்கு அப்பவே தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் மாத்திக் கேட்டேன்."

அப்பா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து என் வாயையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஆமா தாயி" என்றார். "சாப்ட்டேன்."