வாய் நிறையத் தண்ணீர்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் செல்வின் போன் செய்தான். தன் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை அவன். "அண்ணே, மாஸ்டர் போயிட்டாரு" என்றான். "எங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் வழக்கம்போல நின்று நின்று ஊர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ஒரு மாதிரி கீற?" என்றார். "எங்க டீம் மேனேஜர் செத்துட்டாருங்க." "கிரிக்கெட்டா?" அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. "ஃபுட்பால்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொன்னுரங்கம் மாஸ்டரிடம் மைதானத்தில் திட்டு வாங்கிய எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். திட்டு வாங்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கால்பந்து அணிக்கு மேனேஜர். வாலிபத்தில் சென்னை லீக்கில் ஆடியவர். அவரைப் பற்றி எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, அந்த அணியில் அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான் என்பதுதான். போனவரைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதலாம். எழுதினால், "இன்னாடா, செத்தவனுக்கே சோப்பு போடுற?" என்று கேட்பார்.

முதல் நாள் நான் போய் நின்றபோது எனக்குக் கோல் அடிக்கும் ஆசை. முன்வரிசையில் ஆட வேண்டும், ஏனென்றால் என் ஓட்டம் இப்படி, என் இடது கால் அப்படி என்று விளக்கிக்கொண்டே போனேன். மாஸ்டர் முழுவதும் கேட்டார். பிறகு கையுறையைத் தூக்கி என் மேல் போட்டார். "இவ்ளோ வாய் கீதே உனக்கு. கோலுல போய் நில்லு. அங்க நின்னு கத்தினா டீமுக்குப் பிரயோஜனம்." அப்படித்தான் நான் கோல்கீப்பர் ஆனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த இடம் எனக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயரைச் சொன்னால் எல்லாரும் முதலில் சிரிப்பது அதற்குத்தான். இடைவேளைக்கு நாங்கள் வேர்த்து ஊற்றி வந்து வட்டமாக உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுப்பார். ஆளுக்கு ஒரு வாய். விழுங்கக்கூடாது. அவர் பேசி முடிக்கும் வரை வாயிலேயே வைத்திருக்க வேண்டும். கன்னம் உப்பிப் போய் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிரணிக்காரர்கள் தூரத்தில் நின்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்களில் யாராவது அதைப் பார்த்துத் தொலைத்தால் போச்சு, தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிடும்.

"இது இன்னா மாஸ்டர் கொடுமை?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் ஆடறப்போ வாயத் தொறந்தா என் மேனேஜர் அறைவாரு. நான் குடிக்கத் தண்ணி தரேன். இதுல உனக்கு இன்னா கொறை?" என்றார்.

நான் விடுகிற ஆளா? "பந்து உதைக்கிறவனுக்கு ஒரு கருத்து இருக்கக்கூடாதா?"

"இருக்கட்டும்டா. வூட்ல வெச்சிட்டு வா."

அவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. வாரம் முழுக்க எங்களை மேய்க்க லைன் லீடர், சூப்பர்வைசர், எச்.ஆர். என்று பல பேர். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றுவார். திட்டு மட்டும் எங்களுக்கு வரும். மைதானத்தில் ஒரே குரல் என்பது ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. மற்ற கம்பெனி அணிகள் இடைவேளையில் தங்களுக்குள்ளேயே சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் வாயில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்து, எழுந்துபோய் ஜெயித்தோம். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேசுவது அத்தனை கஷ்டமாக இருந்தது. தோற்கிற மேனேஜரை யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம்.

செல்வின் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பையன், கான்ட்ராக்ட் வேலை. பந்து அவன் காலுக்கு வந்தால் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் நானும் அவனும் தங்கியிருந்தோம். கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி நெருங்கியபோது அவன் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைக் கவனித்தேன். வலது முட்டி வீங்கியிருந்தது. "லேசாப் புடிச்சிருக்குண்ணே, சரியாயிரும்" என்றான். ஏன் மறைக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஷிப்ட் முழுக்க நின்றே செய்கிற வேலை. முட்டி போய்விட்டது என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார். நன்றாக ஆடினால் மேலே இருப்பவர்கள் கண்ணில் பட்டு வேலை நிரந்தரம் ஆகலாம் என்று ஒரு நப்பாசை வேறு.

அரையிறுதி. வடக்குப்பட்டுப் பக்கத்து மைதானம். முதல் பாதியில் செல்வின்தான் கோல் அடித்தான். எகிறி அடித்துவிட்டுத் தரையில் கால் ஊன்றும்போது அவன் முகம் கோணியதைக் கோல்கம்பத்திலிருந்தே பார்த்தேன். இடைவேளையில் வட்டமாக உட்கார்ந்தோம். வாயில் தண்ணீர். "செல்வின், ரெண்டாவது பாதியில இன்னும் மேல ஏறி ஆடு. அவங்க டிஃபென்டருக்கு ஓட முடியல. நீ ஓடு, ஓடிக்கினே இரு" என்றார் மாஸ்டர். செல்வின் தலையாட்டினான். அவன் வாயில் தண்ணீர் இல்லாவிட்டாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பான்.

நான் தண்ணீரைத் தரையில் துப்பினேன். "அவன் ஓடக்கூடாது மாஸ்டர். முட்டி வீங்கிக் கெடக்கு. ஓடினா வேலை போயிடும் அவனுக்கு."

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, நான் துப்பிய ஈரத்தைப் பார்த்தார். "கையுறையக் கழட்டு. வேன்ல போய்க் குந்து."

போனேன். வேனுக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. நானும் கொதித்துக்கொண்டிருந்தேன். கிழவனுக்கு மனுஷனை விடக் கோப்பைதான் பெரிது என்று வாய்விட்டே திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் வேன் கதவு திறந்தது. தோளில் துண்டோடு செல்வின் நொண்டிக்கொண்டு ஏறினான்.

"உன்னையும் தொரத்திட்டாரா?"

"இல்லண்ணே. நீங்க போனதும் பக்கத்துல வந்து முட்டியத் தொட்டுப் பாத்தாரு. வேன்ல போயி காலை நீட்டி உக்காருன்னாரு."

இருவரும் உள்ளே உட்கார்ந்து எதிரணி கோல் அடிக்கிற சத்தத்தைக் கேட்டோம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கோல் அடிக்கிறவனும் இல்லை, தடுக்கிறவனும் இல்லை, வேறென்ன நடக்கும்?

திரும்பும்போது வேனில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் வாயால்தான் தோற்றோம் என்று ஒருத்தன் ஆரம்பித்தான். முன் சீட்டிலிருந்து மாஸ்டர் திரும்பாமலே சொன்னார்: "அவன் சொன்னது கரெக்ட்டு. சொன்ன எடம்தான் தப்பு."

எனக்கு வந்ததே ஆத்திரம். "வேற எடம் எங்க இருந்துச்சு மாஸ்டர்? நீங்க பக்கத்துல வர்றப்பெல்லாம் எங்க வாய்ல தண்ணிதானே இருந்துச்சு? அவனுக்கு வலிக்குதுன்னு அவன் எங்க போய்ச் சொல்லுவான்?"

வேன் என்னை இறக்கிவிடும் வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். என்னை டீமிலிருந்து தூக்கிவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் மறுநாள் அவர் நேராகக் கான்ட்ராக்டரிடம் போயிருக்கிறார். என்ன பேசினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. முட்டி தேறும்வரை செல்வினுக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிற வேலை கிடைத்தது. அவன் வேலை தங்கியது. இன்று அவன் வேறொரு கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி.

அடுத்த ஞாயிறு பயிற்சிக்குப் போனேன். இடைவேளையில் வட்டமாக உட்கார்ந்து பாட்டிலுக்குக் கை நீட்டினோம். மாஸ்டர் கொடுக்கவில்லை. தானே ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, கன்னம் உப்ப, எங்கள் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்களையே பார்த்தார். என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் பேசவிடவில்லை என்று மூக்கால் அழுதவர்கள், பேசு என்று விட்டதும் மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கே வார்த்தை வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் பெயின்ட் அடிக்கும் பிரிவுத் தம்பி ஒருத்தன், "மாஸ்டர், நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வர்றோம், பிராக்டிஸைக் கொஞ்சம் லேட்டா வெச்சிக்கலாமா?" என்றான். அவ்வளவுதான், மடை திறந்தது. ஷூ சரியில்லை, அவன் பாஸ் தரமாட்டேன்கிறான், இவன் சுயநலக்காரன். ஆளாளுக்குக் கத்தினோம். மாஸ்டர் கண்ணை மூடித் தண்ணீரை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"சரி. பிராக்டிஸ் அரை மணி தள்ளி. மத்ததெல்லாம் முடியாது."

"அப்புறம் எதுக்கு மாஸ்டர் கேட்டீங்க?" என்றேன்.

"கேக்கறதுக்குத்தான்டா குந்தினேன். கேட்டா செய்யணும்னு எவன் சொன்னான்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் முதலில் அவர் வாயில் தண்ணீர், அப்புறம் எங்கள் வாயில். எங்கள் யோசனைகளில் பாதிக்கு மேல் குப்பையில்தான் போட்டார். நாங்கள் அதற்கு முன் இருந்ததைவிட அதிகம் ஜெயிக்கவும் இல்லை. ஆட்டக்காரன் கருத்துச் சொல்லலாமா கூடாதா என்று டீக்கடையில் இப்போதும் வாதம் வரும். சொல்லலாம் என்பேன். சொன்னதெல்லாம் நடக்க வேண்டும் என்று இப்போது வாதாடுவதில்லை. ஆனால் வலிக்கிற முட்டியோடு எங்கள் அணியில் ஒருத்தனும் அதற்கப்புறம் ஓடவில்லை. எனக்கு அது போதும்.

அவர் வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே பழைய அணி மொத்தமும் நின்றோம். தண்ணீர்க் கதையை யாரோ மெதுவாகச் சொல்ல, அழுதுகொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். "உங்களுக்காவது வாய்ல ஊத்திக்கத் தண்ணி குடுத்தாரு. எங்க வூட்ல அது கூடக் கெடையாதுப்பா, சும்மாவே பேச வுடமாட்டாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பிலேயே மறுபடி உடைந்து அழுதார். எனக்கு மாஸ்டர் மேல் அந்த நிமிஷம் கூடக் கோபம் வந்தது. அந்த அம்மாவுக்கு முன்னாலும் ஒருநாள் கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கலாமே மாஸ்டர்?

இப்போது ஒரு லைனுக்கு நான் பொறுப்பு. ஷிப்ட் தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசுவது என் வேலை. நான் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று எனக்கே தெரியும். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றேன். மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். "சாருக்குப் பல்லு வலி போல கீது" என்று ஒருத்தன் கிசுகிசுத்தான். சிரித்தார்கள். கடைசி வரிசையில் நின்ற பவானி என்ற கான்ட்ராக்ட் பெண் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "சார், எனக்கு மணிக்கட்டு ரொம்ப நாளா வலிக்குது. சொன்னா வேலைய வுட்டு எடுத்துடுவாங்களோன்னு..." இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தத்தான் எனக்கு நாக்கு துடித்தது. வாயில் தண்ணீர் இருந்தது. அவள் முழுவதும் சொல்லி முடிக்கும் வரை நான் விழுங்கவில்லை.