அந்தக் கடைசி ரீல் நனையவே இல்லை

செல்லையா அண்ணாச்சி போய்விட்டார்.

காலையில் குத்துக்கல்வலசையிலிருந்து அவர் மகன் போன் செய்தான். எண்பத்தெட்டு வயசு, தூக்கத்திலேயே போயிட்டாங்க, கல்யாணச் சாவுதான் என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது...

இந்த குரூப்பில் படம் பார்த்த கையோடு ரிவ்யூ போட்டு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருக்காது. யுத்த காலத்தில் தென்காசி - குற்றாலம் ரோட்டில் இருந்த டெண்ட் கொட்டகையில் அவர்தான் ஆபரேட்டர். அப்போது அவருக்குப் பதினெட்டு, எனக்குப் பத்து.

ரிவ்யூ எல்லாம் அப்போதும் உண்டு. முந்தின நாள் படம் பார்த்தவர்கள் மறுநாள் காலை அருவியில் கூடுவோம். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் கருத்துச் சொல்ல வேண்டும். "ஏட்டி, அந்த ராஜாவுக்குத் தொந்தியப் பாத்தியா!" என்றால் அந்தப் பக்கம் எண்ணெய் தேய்க்கிற ஆட்களுக்கும் கேட்கும்.

ஸ்டார் எல்லாம் கிடையாது. பிடித்தால் இன்னொரு தடவை போவார்கள். பிடிக்காவிட்டால் தொந்தி.

ஒரு சாரல் சீசனில் அந்தப் படம் வந்தது. கப்பலில் போன புருஷனுக்காகத் தினமும் கடற்கரையில் விளக்கேற்றி வைக்கும் ஒரு பெண்ணின் கதை. படம் போட்ட இரண்டாம் நாள், என் அக்கா பேச்சியம்மாளோடு போனேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அத்தான் பட்டாளத்தில், பர்மா பக்கம். மூன்று மாசமாகக் கடிதம் இல்லை. அக்கா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. கொஞ்சம் மனசு மாறட்டும் என்று அம்மாதான் படத்துக்கு அனுப்பினாள்... கதை தெரியாமல்.

கொட்டகையில் ஒரே ஒரு ப்ரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். விளக்கு எரியும்போதெல்லாம் மற்ற பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டு முறுக்கைக் கடித்தார்கள். அக்கா மட்டும் அழுகையை நிறுத்தவே இல்லை.

தூரத்தில் கப்பல் தெரிகிறது, அந்தப் பெண் விளக்கோடு ஓடுகிறாள்... அந்த இடத்தில் ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. இன்னும் ஒரே ஒரு ரீல் பாக்கி. நான் ஆபரேட்டர் ரூம் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, அந்த மாப்பிள்ளை திரும்பி வந்துருவாவளா?"

"எதுக்குட்டி கேக்க?"

"எங்க அக்கா அழுதுக்கிட்டே இருக்கா. எங்க அத்தானும் சண்டைக்குப் போயிருக்காவ. லெட்டரே வரல."

அவர் கையில் கடைசி ரீல் இருந்தது. அதைப் பார்த்தார். பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வந்துருவாவன்னு அக்காட்ட சொல்லு. போ."

நான் அக்கா பக்கத்தில் வந்து உட்காரவும், படம் முடிந்தது என்று திரையில் 'வணக்கம்' ஸ்லைடு விழுந்தது.

ஆண்கள் பக்கம் ஒரே விசில், கூச்சல். முதலாளி ஓடி வந்தார். "கடைசி ரீலு சாரல்ல நனைஞ்சிட்டு மொதலாளி... காயப் போட்டிருக்கேன்" என்றார் அண்ணாச்சி. சீசனில் உப்பும் தீப்பெட்டியுமே நமுத்துப் போகிற ஊர். எல்லாரும் நம்பிவிட்டார்கள். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தார்.

மறுநாள் அருவியில் பெரிய சண்டை. முதல் நாளே படம் பார்த்தவர்கள், "அவன் வரல பேச்சி, கப்பல்ல அவன் துணிமணிதான் வருது" என்றார்கள். அக்கா விடவில்லை.

"நான் எங்கண்ணால பாத்தேன். கப்பல் வந்துட்டு. அவ ஓடுதா. கப்பல் வந்தா ஆளு வராமலா இருப்பாவ?"

அன்று அக்கா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அண்ணாச்சிக்கு 'ஈர ரீல் செல்லையா' என்று பெயர் விழுந்தது. பின்னால் தென்காசியில் பெரிய தியேட்டருக்குப் போன பிறகும், "அண்ணாச்சி, ரீலு காஞ்சிட்டா?" என்று பையன்கள் வம்பிழுப்பார்கள். சிரித்துக்கொள்வார். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏழு மாசம் கழித்துத் தந்தி வந்தது. அத்தான் சண்டையில் இறந்துவிட்டார்.

துஷ்டி கேட்க வந்த அண்ணாச்சி, திரும்பும்போது வாசலில் என்னைக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏட்டி, நான் அப்படிச் செஞ்சிருக்கப்புடாதோ? ஆசை காட்டி மோசம் பண்ணிட்டேனோ?"

நான் உள்ளே ஓடிவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் அதைக் கேட்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில், கடைத்தெருவில், எங்கே பார்த்தாலும், "என்ன படம் பாத்தே? எப்படி இருக்கு?" என்பார். நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டித் தடுப்பார். "முடிவ மட்டும் சொல்லாத தாயி..."

பத்து வருஷத்துக்கு முன்னால், அக்கா படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னாள்: "அந்தப் படத்துல கப்பல் வந்துட்டுல்லா... அதை நெனச்சுத்தான் அந்த ஏழு மாசமும் நான் வயிறாரத் தின்னேன், நிம்மதியா ஒறங்கினேன்."

இதை அண்ணாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்... அவர் சினிமாவைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று பத்து வருஷம் போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது.

ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், இனிமேல் அவரை ஈர ரீல் என்று சொல்லாதீர்கள். அந்த ரீல் நனையவே இல்லை.

அண்ணாச்சி... நீங்க கேட்டதுக்கு இன்னிக்குச் சொல்லுதேன். நீங்க செஞ்சது தப்பில்ல. அக்கா நல்லாச் சாப்பிட்டா.

போயிட்டு வாங்க.