பெரிய பிடிலும் இரண்டு வாழைமரமும்

பாஸ் என்கிற பெரிய பிடிலை வாசிக்க எனக்கு ஆசை இருந்ததில்லை. தூக்க முடிந்தது. அதனால் கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு ஐஸ் ஆலையில் வேலை. கட்டியைக் கொக்கியில் மாட்டி லோரியில் ஏற்ற வேண்டும். மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் வீட்டுக்கு எதிரே முடிதிருத்தும் கடை. கடைக்காரர் அக்கார்டியன் வாசிப்பார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணங்களில் வாசிக்க ஒரு குழு வைத்திருந்தார். அவர், ஒரு வயலின், ஒரு தபேலா, பாட ஒருவர்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்கள் ஆடிக்கொண்டிருந்த கிளப் ஒன்றை மூடியபோது மேசை, நாற்காலி, பந்து மட்டை எல்லாம் வெளியே வந்தன. ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய பிடிலும் வந்தது. அண்ணன் அதை வாங்கிப் பெச்சாவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடை வாசலில் இறக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்தேன்.

"நீயே வாசிடா," என்றார்.

"தெரியாதுண்ணே."

"இங்க யாருக்குத் தெரியும்? தூக்கிட்டல்ல. வாசிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கொண்டோம்.

பிடிலுக்குள் ஒரு டென்னிஸ் பந்து இருந்தது. கிளப் காலத்துப் பந்து. பிடிலில் இருக்கிற ஓட்டையைவிடப் பந்து பெரியது. எப்படி உள்ளே போனது என்று கேட்காதீர்கள். எல்லோரும் கேட்டாயிற்று. பிடிலைச் சாய்த்தால் உருளும். உருண்டு முடியும்வரை காத்திருந்து வாசிக்க வேண்டும். அதை எடுக்கப் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். பிரித்தால் திரும்ப ஒட்டத் தெரியாது. கிடக்கட்டும் என்று விட்டேன்.

கம்பி பற்றிக் கேட்டால் சொல்வேன். ஆட்டுக் குடல் கம்பி மழைக்குத் தளரும். மலாக்காவில் மழை எப்போது இல்லை? எஃகுக் கம்பி தளராது, விரலை அறுக்கும். ஐஸ் தூக்கிய விரலுக்கு அறுப்பது தெரியாது. ஆகவே எஃகுதான் நல்லது. மற்றவர்கள் விரலைப் பற்றி எனக்குத் தெரியாது.

கச்சேரிக்குப் போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். பெச்சாவில் பிடில் உட்காரும். நான் பக்கத்தில் நடப்பேன். இரண்டு பேருக்கு இடம் இல்லை. பத்து பெரெண்டாம் என்கிற ஊர் வரை அப்படி நடந்திருக்கிறேன். வழியில் பார்க்கிறவர்கள் பிடிலுக்கு வழிவிடுவார்கள், எனக்கு விடமாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனதும் முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு போடுகிறோம் என்பார்கள். பிறகு ரசம்தான் இருக்கும்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஒன்றுதான் பழகவில்லை. நான் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை.

வயலின் கேட்டது. தபேலா கேட்டது. பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுவது கேட்டது. பாஸ் கேட்கவில்லை. நான் வாசிக்காமல் சும்மா கையை ஆட்டிப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. தபேலாக்காரர்கூட.

சுதந்திரத்துக்கு ஊர்வலம் என்று முடிவானது. காஜா பெராங் ஆட்கள் சார்பில் ஒரு லோரியை ஜோடித்து, அதில் எங்கள் குழு வாசித்துக்கொண்டே டவுனைச் சுற்ற வேண்டும். அண்ணன் ஒரு நாள் லோரியை அளந்துவிட்டு வந்தார். எனக்கு முடி வெட்டிக்கொண்டே சொன்னார்.

"இடம் பத்தாதுடா. உன் பிடில் நிக்கிற இடத்துல ரெண்டு வாழமரம் கட்டலாம். குலையோட."

எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். கழுத்தில் கத்தி இருந்தது.

"கோவிச்சுக்காத. வாழமரமாவது கண்ணுக்குத் தெரியும். உன் பிடில் சத்தம் எவன் காதுல விழுது?"

"விழுந்தா?"

"வர்ற ஞாயித்துக்கெழம கல்யாணத்துல ஒரே ஒரு ஆளு வாயத் தொறந்து, பாஸ் கேட்டுச்சுன்னு சொல்லட்டும். நீ லோரியில ஏறிக்கோ. இல்லன்னா வாழமரம்."

வாழைமரத்தோடு எனக்குப் போட்டி. அந்த வாரம் ஆலையில் ஒரு கட்டி ஐஸைக் காலில் போட்டுக்கொண்டேன்.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரிடம் போனேன். அவர் மலாக்கா செட்டி. நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு மலாய். பாஸுக்கும் ஒரு மைக் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"பொலே, பாங், பொலே," என்றார். முடியுமாம். எதைக் கேட்டாலும் அவருக்கு முடியும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்குகிற நேரத்துக்குக் கல்யாண வீட்டில் இருந்தோம். எண்ணெய்த் தோம்புகளை, காலி இரும்புப் பீப்பாய்களை, கவிழ்த்து, மேலே பலகை பரப்பி மேடை போட்டிருந்தார்கள். ஒரு பலகை நீளம் அதிகம். மேடைக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டு, தனியாக ஒரு தோம்பின் மேல் கிடந்தது. அந்தப் பலகையின் இந்தப் பக்கம்தான் என் பிடிலின் இரும்புக் கால். செட்டிக்காரர் மைக்கைத் துண்டில் சுற்றிப் பிடிலின் ஓட்டைக்கு எதிரே செருகினார். ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் மாட்டினார். தென்னைமரத்தில் ஒலிபெருக்கிப் புனலைக் கட்டினார்.

ஆம்ப்ளிஃபயர் பற்றி என் கருத்து: சூடாகும். பக்கத்தில் கொசு வராது. வேறு நன்மை நான் பார்க்கவில்லை.

முதல் பாட்டு முடிந்தது. பாஸ் கேட்கவில்லை. புனல் மெல்லிய சத்தத்தை எல்லாம் ஊருக்குச் சொல்லும், கனத்த சத்தத்தை விழுங்கிவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. செட்டிக்காரருக்கும் தெரியாது. அவர் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். முழுசாகத் திருகிவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். கையை மேலே நீட்டி வாழைமரம் மாதிரி காட்டினார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். கோபித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் கல்யாணங்களில் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்ள வேண்டும். கோபித்தவர் வீட்டுக்குப் போய்விடமாட்டார். போனால் யார் வந்து கூப்பிடுவது? தேடினால் கிடைக்கிற இடமாகப் பார்த்து நிற்பார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். கலர் கொடுத்தால் குடிக்கமாட்டார். இவர் மேடைக்குப் பின்னால் வந்து, நீட்டிக்கொண்டிருந்த பலகையில், தோம்புக்கு நேர் மேலே, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பலகை கணக்கில் வராது, அது நாற்காலி இல்லை. பின்னாலேயே அவர் மனைவி வந்தார்.

"பன்னீர் தெளிச்சுக்கிட்டு வந்தான்," என்றார் பெரியப்பா. "எனக்கு இந்தப் பக்கம் நிக்கிறவனுக்குத் தெளிச்சான். அந்தப் பக்கம் நிக்கிறவனுக்குத் தெளிச்சான். நடுவுல நான் என்ன, தூணா?"

மெதுவாகத்தான் சொன்னார். தென்னைமரம் சத்தமாகச் சொன்னது.

பந்தல் முழுக்கத் திரும்பியது. புனலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாவுக்குக் கோபத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தூணுக்குக்கூட மாவிலை கட்டியிருக்கான்," என்றது தென்னைமரம்.

பெண் வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். பன்னீர்ச் செம்பு வந்தது. "பெரியப்பா, தப்பா நெனக்காதீங்க," என்று இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தெளித்தார்கள். சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்வரை தெளித்தார்கள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி வீட்டு அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார். "சுடா டப்பாட் ஆயிர் மாவார்?" என்று கேட்டார். பன்னீர் கிடைத்துவிட்டதா என்று. கிடைத்துவிட்டது என்றேன். நல்லது என்று போனார்.

அதோடு முடியவில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் பெண்ணின் சித்தி ஒருவர் பிடில் பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

"போட்டோ எடுக்கறப்ப என்னைக் கூப்பிடல. நான் சொல்ல வரல. சும்மா சொல்றேன்."

தென்னைமரம் சொன்னது. உடனே போட்டோக்காரரை இழுத்துக்கொண்டு இருவர் ஓடிவந்தார்கள்.

அடுத்து ஒருவர், தனக்குக் கிழிந்த இலை போட்டார்கள் என்று. அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் கையில் குழந்தையோடு ஒரு அம்மா. வரிசை மாதிரி இருந்தது, ஆனால் வரிசையில் நிற்பதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் பந்தல் ஜோடனையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

இலைக்காரர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. நான் பேசுறது தெளிவா விழணும்."

"நான் பாஸ் வாசிக்கிறேங்க."

"வாசிங்க, வாசிங்க. நான் பேசுன பெறகு வாசிங்க."

அண்ணன் அக்கார்டியனை இழுத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"டேய், நீ வாசிக்க வந்தியா, பஞ்சாயத்து வைக்க வந்தியா?"

அது முழுவதும் தென்னைமரத்தில் போனது. கூட்டம் சிரித்தது. செட்டிக்காரருக்கு மட்டும் சந்தோஷம். தன் மைக் இவ்வளவு நன்றாக வேலை செய்து அவர் பார்த்ததில்லை போல.

எனக்குக் கோபம் வருவது குறைவு. அன்று வந்தது. கோபித்துக்கொள்ளவும் இடம் இல்லை. கோபித்தவர்கள் நிற்கிற இடத்தில்தான் நான் ஏற்கனவே நின்றேன்.

அடுத்தது ஜோகெட். வேகமான ஆட்டப் பாட்டு. அதுதான் கடைசிப் பாட்டு என்று அண்ணன் சொல்லிவிட்டார். முன்வரிசையிலிருந்து பெரியப்பா எழுந்தார். பன்னீர் காய்ந்து குளிர் எடுத்ததாம். ஒரு துண்டு கொடுக்க ஆள் இல்லையாம். திரும்பவும் வந்து அதே பலகையில், தோம்புக்கு மேலே உட்கார்ந்தார். புதுக் கோபம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். ஐஸ் கட்டி இழுக்கிற மாதிரி இழுத்தேன். பந்து உள்ளே உருண்டது. உருளட்டும் என்று இழுத்தேன்.

பெரியப்பா எழுந்து நின்றார். பலகையைப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். என் பக்கம் திரும்பி, மைக்குக்கு நேராகக் கத்தினார்.

"ஐயோ, உக்கார முடியலப்பா! இந்தப் பெரிய பிடில்காரன் இழுக்கிற இழுப்புக்குப் பலகை அதிருது! தோம்பு உறுமுது! இடுப்புல வந்து இடிக்குதுய்யா!"

அடுத்த ஊர் புக்கிட் பாரு வரை கேட்டிருக்கும்.

பாட்டு நின்றது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தர் சொல்லிட்டாருண்ணே," என்றேன்.

"காதுல கேட்டுச்சுன்னா சொன்னாரு? இடுப்புலன்னுல்ல சொன்னாரு."

"எந்த இடம்னு நீங்க சொல்லல."

இதுவும் தென்னைமரத்தில் போனது. பந்தலில் இருந்தவர்களுக்கு லோரி விஷயம் தெரியாது. ஆனாலும் என் பக்கம்தான் கை தட்டினார்கள். பெரியப்பா தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். யாரோ துண்டு கொண்டுவந்தார்கள்.

அண்ணன் அக்கார்டியனை மடக்கினார். "சரி, ஏறித் தொல. ஒரு வாழமரம் போதும்," என்றார்.

அன்றோடு பாஸுக்கு மைக் வைப்பதை விட்டேன். பாஸ் காதுக்குச் செய்த வாத்தியம் இல்லை என்பது என் கருத்து. அதற்கு வேண்டியது ஒரு பலகையும் ஒரு காலித் தோம்பும். அதன்மேல் ஒருவர் உட்கார வேண்டும். உட்காராதவரிடம் இதைப் பேசிப் பயன் இல்லை.

ஊர்வலத்தன்று லோரியில் ஒரு தோம்பை ஏற்றினேன். மேலே பலகை. பிடில் காலைப் பலகையில் ஊன்றினேன். வாழைக்குலை என் தலையில் இடித்துக்கொண்டிருந்தது. லோரி காஜா பெராங் ரோட்டில் திரும்பியபோது ஓரமாகப் பெரியப்பா நின்றார். சலவைச் சட்டை. கை கட்டியிருந்தார். லோரியைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அண்ணன் லோரியை நிறுத்தச் சொன்னார்.

"பெரியப்பா, ஏறுங்க."

"எதுக்கு? நான் சும்மா நிக்கிறேன். போங்க நீங்க."

"நாற்காலி போடட்டுங்களா?"

"வேணாம். நாற்காலியெல்லாம் வேணாம்."

ஏறினார். நேராக வந்து தோம்பின் மேல், பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். டவுன் முழுக்கக் கொடி. சனம் கத்தியது. வயலின்கூடக் கேட்கவில்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் கை காட்டவில்லை. சுதந்திரத்தோடும் அவருக்கு ஏதோ கோபம் போலிருந்தது.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் கை வலித்தது. வாசிப்பதை நிறுத்தினேன். அண்ணன் கவனிக்கவில்லை. தபேலாக்காரர் கவனிக்கவில்லை.

பெரியப்பா திரும்பினார்.

"ஏன் தம்பி நிப்பாட்டிட்டீங்க?"